அதிகாரிகள் வருமுன் வெள்ளையடித்த வீடு

சுண்ணாம்பு வாளியில் மட்டையை முக்கி முக்கி என் மாமியார் கூடத்துச் சுவரில் இழுத்துக்கொண்டிருந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. சேலத்தில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்த வாரம் அது. ஏற்காட்டு மலையில் கொட்டிய மழையெல்லாம் ஓடையில் இறங்க, ஓடை கொள்ளாமல் எங்கள் வீட்டுக்குள் வந்து இடுப்பளவு நின்றுவிட்டுப் போயிருந்தது. வெறும் தண்ணீரா அது? சாக்கடையும் சேறும் செத்த எலியும் கலந்த கண்றாவி. நான் ஆற்றங்கரையிலுள்ள பரமத்தி வேலூர்க்காரி. ஆற்றில் தண்ணீர் கூடுகிறது என்றால் எங்கள் பக்கம் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். இந்த ஓடை யாரிடமும் சொல்லிக்கொண்டு வரவில்லை.

வீட்டின் பின்சுவர் மண்சாந்து வைத்துக் கட்டியது. ஊறிப்போய், மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டு, வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை ஒட்டித்தான் மாமியாரின் கட்டில். இடித்துக் கட்ட எங்களிடம் வழியில்லை. வெள்ளத்தில் சேதமான வீடுகளுக்கு அரசு உதவி வரும், அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று வார்டு முழுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த உதவி வந்தால் சுவர் எழும்பும், வராவிட்டால் கிடையாது. எங்கள் நிலைமை அவ்வளவுதான்.

இத்தனையும் தெரிந்திருந்தும், அதிகாரிகள் வருகிறார்கள் என்ற சேதி காதில் விழுந்ததும் மாமியார் முதலில் தேடியது துடைப்பத்தை. ராசிபுரத்துப் பக்கமிருந்து வாழ வந்தவர். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் வாசல் தெளித்து, வீடு கழுவி, குடிக்க ஏதாவது கையில் கொடுக்க வேண்டும். அதில் கலெக்டர், கறிகாய்க்காரர் என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. நான் எழுந்து வருவதற்குள் சேற்றை வழித்துத் தெருவில் தள்ளிவிட்டு, தண்ணீர் நின்ற கறையின் மேல் பாதிக்கூடம் வெள்ளையடித்து முடித்திருந்தார்.

“அத்தை, அவங்க சேத்தப் பாக்கத்தானுங்க வாராங்க!” என்று கத்தினேன்.

“சேத்தப் பாக்கறதுக்கு ஊட்டுக்குள்ள எதுக்குக் கண்ணு வாராங்க? அதுதான் தெருவுலயே கெடக்குதே” என்றார், மட்டையை நிறுத்தாமல். என் கணவர் லாரியோடு வடக்கே போயிருந்தார். இந்த மனுஷியிடம் வாதாடி ஜெயித்தவர் எவரும் இல்லை. மிச்சக் கறையும் என் கண்ணெதிரே மறைந்தது. பின்சுவர் விரிசல்மேல், பரணில் இருந்த பெட்டியிலிருந்து எடுத்த புதுப் போர்வை ஒன்றையும் தொங்கவிட்டார்.

மதியம் இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் கோலம், உள்ளே பளிச்சென்று சுவர், கையில் மோர். வந்தவர்களில் மூத்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்க தண்ணி வந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“இடுப்பளவு நின்னுச்சுங்க சாமி. எல்லாம் கழுவித் தள்ளிட்டமுங்க. நீங்க உக்காருங்க, மோரு குடிங்க.”

நானே போய்ப் போர்வையை இழுத்து விரிசலைக் காட்டினேன். அந்த மூத்தவர் விரலால் தடவிப் பார்த்தார். “இது வெள்ளத்துல விட்டதா, முன்னாடியே இருந்ததா?” என்று மாமியாரைத்தான் கேட்டார்.

“முன்னயே மயிரு கனத்துக்கு இருந்துச்சுங்க. இந்தத் தண்ணியிலதான் இப்படி வாயப் பொளந்துருச்சு.”

முதல் வாக்கியம் மட்டும்தான் அவர் காதில் ஏறியது. அதற்குமேல் நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் உதவி வந்தது. எங்களுக்கு வரவில்லை. அந்த மனிதரை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். ஆனால் மாமியாரைத் திட்ட வாய் வரவில்லை. பொய் சொல்லாததற்கு ஒருவரை எப்படித் திட்டுவது?

நகரச் சீரமைப்புக்கு என்று பின்னால் நிதி வந்தது உண்மை. எங்கள் தெருவுக்கு அது கான்கிரீட் ரோடாக வந்து சேர்ந்தது. பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். இப்போது ரோடு மேலே, நாங்கள் கீழே. படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். மனு கொடுக்காத இடமில்லை. பார்க்கிறோம் என்று சொல்லாதவர்களும் இல்லை. பின்சுவர் நாலைந்து சவுக்குக் கழிகளின் முட்டில் நிற்கிறது. கட்டிலை மட்டும் கூடத்துக்கு மாற்றிவிட்டோம்.

இந்த ஐப்பசியில் பெய்தது பெரிய மழைகூட இல்லை. ஆனாலும் ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் எங்கள் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. ஃபேர்லேண்ட்ஸ் ஸ்கேன் சென்டரில் வேலை முடித்து நான் வந்தபோது தண்ணீர் வடிந்து, சேறு மட்டும் கிடந்தது. மாமியார் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். நான் துடைப்பத்தை எடுத்ததும் அவசரமாகக் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

“கழுவாத கண்ணு, அப்படியே கெடக்கட்டும். அவுங்க வந்து பாக்கட்டும்.”

யாரும் வருவதாகச் சொல்லவில்லை. இந்த மழை எந்தச் செய்தியிலும் வரவில்லை. துடைப்பத்தை மூலையில் சாத்தினேன். சேறு காய்ந்து நாறத் தொடங்கிய பிறகும் அவர் கழுவ விடவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.