என் முதல் விருப்பம் தெரிந்த குரல்

இன்று மதியம் தோவாளையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

“டாக்டரே, பிஜி சீட்டு விஷயமாக்கும்.”

மருத்துவ மேற்படிப்புக் கவுன்சலிங்கில் பெயர் கொடுத்தால், சீட்டு வாங்கித் தருவதாக இப்படி நாலு பேர் கூப்பிடுவது வழக்கம்தான். போனை வைக்கப் போனேன்.

“போன வருஷம் நல்ல ரேங்க். கிடைச்ச சீட்டு பிடிக்கலைன்னு விட்டீங்க. இந்த வருஷம் மார்க் கீழ போயிட்டு. அன்னைக்கே அதை எடுத்திருக்கணும்லா?”

அப்பா தினமும் கேட்கும் கேள்வி இது. போனை வைக்க முடியவில்லை.

“நேத்து சாயங்காலம் சாய்ஸ் லாக் பண்ணினீங்க. முதல்ல சைக்கியாட்ரி போட்டிருக்கீங்க. இந்த மார்க்குக்கு அது நடக்காது. நாங்க ஒரு வழி சொல்லுதோம்.”

“ராங் நம்பர்” என்று துண்டித்தேன்.

பூக்கூடையை மடியில் வைத்திருந்த பக்கத்து சீட் அக்கா என்னைப் பார்த்தார். “ராங் நம்பருக்கா மக்கா இப்படி வேர்க்குது?”

நேற்று ஆன்லைனில் உறுதிசெய்த அந்த விருப்பப் பட்டியலை நான் யாரிடமும் காட்டவில்லை. மனநல மருத்துவம் என்று சொல்லாமல், குழந்தைகள் மருத்துவத்தைத்தான் முதலில் போட்டிருக்கிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

வடசேரியில் இறங்கும்போது அதே எண்ணிலிருந்து மெசேஜ் வந்தது. “யோசிச்சுச் சொல்லுங்க டாக்டரே. இல்லன்னா அப்பாகிட்ட நாங்களே பேசுதோம்.”

விண்ணப்பத்தில் அப்பாவின் எண்ணையும் கொடுத்திருந்தேன். இப்போது அவருக்குப் போன் அடித்துப் பார்க்கிறேன். லைன் பிஸி.

என்னோடு பரீட்சை எழுதியவர்களில் இன்னும் இந்த அழைப்பு வராதவர்கள் யாராவது உண்டா? உங்கள் மார்க் அவ்வளவு நல்லதா, இல்லை உங்கள் முறைதான் இன்னும் வரவில்லையா?