நகத்தால் கீறிப் பாருங்கள்

கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு அம்மா இரண்டு தொட்டிகளை அருகருகே வைத்துக்கொண்டு குழம்பி நின்றார். ஒன்று வெளிநாட்டுக் கேக்டஸ், இன்னொன்று பால் வடியும் நம்மூர்க் கள்ளி. இரண்டும் முள்ளோடு, பச்சைத் தூண் மாதிரி இருக்கும். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இந்தத் தம்பி எவ்வளவு அழகாச் சொல்லுது பாருங்க. நீங்களும் பாத்துக் கத்துக்கங்க.”

பார்த்தேன். திரையில் என் நண்பன். கல்லூரியில் தாவரவியல் படித்த மூன்று வருடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சேனல் தொடங்கியதை என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புத்தகத்துப் பெயர்கள் மண்டையில் ஏறாமல், ஒன்றுபோல் இருக்கும் செடிகளை எனக்குத் தெரிந்த சாமான்களை வைத்து ஒரு நோட்டில் பிரித்து எழுதி வைத்தேன். சின்னக் கற்றாழை என்றால் ஓரத்தில் பல் இருக்கும், அப்பாவின் கருக்கருவாள் மாதிரி. ஹவோர்த்தியாவுக்குப் பல் கிடையாது. முதுகில் வெள்ளைப் புள்ளி வரிசை. கேஸ்டீரியா மாட்டு நாக்கு, தடவினால் சொரசொரக்கும். செய்முறைத் தேர்வுக்கு முன், “நோட்டக் குடுறா, போட்டோ எடுத்துப்போட்டுத் தாரேன்” என்று வாங்கிப்போனான். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

“எங்கப்பாவோட கருக்கருவா மாதிரிங்க” என்று வீடியோவில் சிரித்தான். அவன் அப்பா கோவையில் லேத் பட்டறையில் வேலை செய்பவர். அறுப்பு அரிவாளைக் கையில் பிடித்திருக்கவே மாட்டார். அப்போதும் எனக்கு முழுக் கோபம் வரவில்லை. என் வரிகள் இத்தனை பேர் காதுக்குப் போகின்றன என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அடுத்து அவன் சொன்னான்: “கேக்டஸா கள்ளியானு சந்தேகமா? நகத்தால லேசாக் கீறிப் பாருங்க. பால் வந்தா கள்ளிங்க.”

அதுவும் நான் எழுதியதுதான். தேர்வு முடிந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் கீறினேன், மறந்துபோய்க் கண்ணைத் தேய்த்தேன். மிளகாயை அரைத்து அப்பியது போல் எரிந்தது. பைக்கில் பின்னால் உட்கார வைத்து, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். “கள்ளிப்பாலக் கண்ணுல உட்டுக்கறதுக்கா கண்ணு காலேசுக்குப் போன?” என்று அம்மா வைதபோது பக்கத்தில் நின்று சிரித்தவனும் அவன்தான். கட்டுப் பிரித்ததும் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, ‘கீறக் கூடாது. முள் முளைக்கும் இடத்தில் பஞ்சு மாதிரித் திட்டு இருந்தால் கேக்டஸ்’ என்று எழுதினேன். அவன் போட்டோவில் இருந்தது பழைய வரி. ஆனால் என் கண்ணை அவன் பார்த்திருந்தானே.

நிமிர்ந்தால், அந்த அம்மாவின் கட்டைவிரல் நகம் கள்ளியின் மேல்.

“கையெடுங்கம்மா!”

கத்திவிட்டேன். “ஏனுங்க தம்பி, செடி கடிச்சா போடும்?” என்று முறைத்துவிட்டு, எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

அவனுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வீடியோவின் கீழே, என் பெயரும் படமும் தெரிய எழுதினேன்: ‘தயவுசெய்து யாரும் கீறாதீங்க. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.’

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

‘நல்ல தகவலுங்க அண்ணா. நன்றிங்க. உங்களுக்கு அப்படி ஏதாச்சும் ஆச்சுங்களா?’

‘டேய்’ தவிர வேறு எதுவும் சொல்லி அவன் என்னைக் கூப்பிட்டதில்லை. கோவைப் பக்கத்தில் ஊருக்கே நாங்கள் மரியாதைக்குப் போடும் ‘ங்க’வை அன்றைக்குத்தான் எனக்கும் போட்டான். அந்தப் பதிலுக்கு அதற்குள் நாலைந்து பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

‘ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே நீதானடா’ என்று டைப் செய்தேன். சாப்பாடு அப்படியே இருந்தது. இதைப் போட்டால் சண்டையை வேடிக்கை பார்ப்பார்கள். கீறாதே என்பது யார் கண்ணிலும் படாது. அழித்தேன்.

‘ஆமாங்க. எனக்கே ஆச்சுங்க. கீறாதீங்க’ என்று போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.