மாமியின் முழங்கால் மாத்திரையும் என் பொய்ச் சாட்சியும்

சபையில் எழுந்து நின்று நான் முதன்முதலில் சொன்ன சாட்சி பொய். அதற்குக் கை தட்டினவர்கள் இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நான் அடித்த கூத்தைச் சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

என் பெயர் ஸ்டெல்லா. மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. காலையில் பஸ் ஏறி, வத்தேகம வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போய், நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்ட வேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு உட்காரக் கதிரை உண்டு, எங்களுக்குக் கிடையாது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, சபையே உபவாசமிருந்து ஜெபித்துக் கிடைத்த கர்ப்பம் அது. போன வருஷம் பெரஹர ஊர்வலம் நடக்கிற சமயம், டவுனில் நிற்க இடமில்லாத கூட்டம், எனக்கு ஐந்து மாதம். அப்போதுதான் இடுப்பு நோவு தொடங்கியது.

நோவென்றால் சும்மா நோவில்லை. பஸ் படியில் கால் வைத்தால் உயிர் போய் வரும். ஜெபித்தேன். எண்ணெய் தேய்த்தேன். குறையவில்லை. என் முகத்தைப் பார்த்து மாமிக்கு, என் கணவரின் அம்மாவுக்கு, பொறுக்கவில்லை. அவருடைய முழங்கால் வலிக்கு டொக்டர் கொடுத்த மாத்திரை அலுமாரியில் இருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இத போடு புள்ள. ஒரு மணித்தியாலத்துல கொறைஞ்சிரும். வயசான எனக்கே ஒன்னும் செய்யல, உனக்கு என்னா செய்யப்போகுது?"

போட்டேன். குறைந்தது. அப்பாடா என்று இருந்தது. நான் அப்போதே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர், "சாட்சி சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டதும் எழுந்து நின்றேன். "ஒரு மாத்திரைகூட போடாம, ஜெபத்துல மட்டும் ஆண்டவர் என் இடுப்பு நோவ எடுத்துட்டாரு" என்று சொன்னேன். சபையே கை தட்டியது. சில அக்காமார் அழுதார்கள்.

பாஸ்டர்மேல் பழி போட மாட்டேன். மருந்து எடுக்காதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவரே சீனி வியாதிக்கு மாத்திரை போடுகிறவர். ஆனால் எங்கள் மத்தியில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. டொக்டரிடம் போய்ச் சுகமானேன் என்று சொன்னால் ஒரு "ஆமென்". மாத்திரை இல்லாமல் சுகமானேன் என்று சொன்னால் கை தட்டல். அந்தக் கை தட்டலுக்கு நான் ஆசைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அன்று சாயங்காலமே மாத்திரையின் வேகம் இறங்கியது, நோவு திரும்பி வந்தது. இப்போது என்ன செய்வது? சுகமானவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியுமா? திரும்பவும் போட்டேன். பிறகு தினமும் போட்டேன். மாமியின் மாத்திரை தீர்ந்ததும் டவுனில் ஒரு பாமசிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர், "யாருக்கு?" என்று ஒழுங்காகத்தான் கேட்டார். பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "மாமிக்கு, முழங்கால் வலி" என்றேன். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் ஒவ்வொரு முறையும், "வேற ஏதும் மருந்து எடுக்கிறதா?" என்று கேட்பார். பக்கத்து வாங்கில் சபைப் பெண்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். "இல்லீங்க மிஸ்" என்பேன். அது வாயில் பழகிவிட்டது.

ஒக்டோபரில், ஏழாம் மாதத்தில், கண்டி பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தபோது பிள்ளையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் மிகவும் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீர் உடைந்து ஒழுகியதா? இல்லை. பிரஷர் இருக்கிறதா? இல்லை. எங்காவது நோவா? இடுப்பில் கொஞ்சம் என்று முணுமுணுத்தேன். மருந்து ஏதும் எடுத்தீர்களா? இல்லை. பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். அவளுக்குக் கேட்டுவிடுமே என்றுதான் அங்கேயும் பொய் சொன்னேன். பிள்ளையின் உயிரைவிட என் பெயர் பெரிதாக இருந்தது பாருங்கள். இப்படியே தண்ணீர் குறைந்தால் மாதம் நிறைவதற்கு முன்பே வெளியே எடுக்க வேண்டி வரலாம், பிள்ளை மிகவும் சின்னது என்றார்கள்.

கணவர் பார்க்க வந்தார். பார்வையாளர் நேரம் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை போட்டது அவருக்குத் தெரியும், ஆனால் டொக்டரிடம் சொல்லியிருப்பேன் என்றே நினைத்திருந்தார். அவர் போனதும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஜெபித்தேன். என் ஜெபத்தைக் கேளுங்கள்: "ஆண்டவரே, தண்ணிய கூட்டிக் குடுங்க. ஆனா நான் யார்கிட்டயும் சொல்லாமலே கூட்டிக் குடுங்க."

ஆண்டவரோடு பேரம் பேசுகிற மனுஷி நான்! பிள்ளை அன்று அவ்வளவாக அசையவில்லை. வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். லேசாக ஒரு அசைவு, அவ்வளவுதான். அப்போதுதான் என் நெஞ்சு உடைந்தது. "என் மானம் போகட்டும் ஆண்டவரே, என் பிள்ள போகவேணாம். சொல்லிடுறேன். ஆனா எனக்கு வாய் வரமாட்டேங்குது, நீங்களே வழி காட்டுங்க" என்று அழுதேன்.

முகத்துணியை எடுத்தபோது, எங்கள் வார்டைப் பார்க்கிற யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா வாசலில் நின்றார். கொஞ்சம் முன்னால்தான் எல்லாரையும் பார்த்துவிட்டு வெளியே போனவர். திரும்பி நேராக என் கட்டிலுக்கு வந்தார்.

"ஒண்டு கேக்க மறந்திட்டன். இடுப்பு நோ எண்டு சொன்னனீங்கள் தானே. அது வந்தால் என்ன செய்யிறனீங்கள்?"

மருந்து எடுத்தீர்களா என்று கேட்டிருந்தால் பழக்கதோஷத்தில் இல்லை என்றே சொல்லியிருப்பேன். என் நோவைப் பற்றி அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படிதான் அழுதேன். மாத்திரை அட்டை கைப்பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். டைக்ளோபெனாக் என்று அதன் பெயரைச் சொன்னார்.

"இதை இண்டையோட நிப்பாட்டுங்கோ. இப்பிடியான குளிசையள் ஐஞ்சு மாசத்துக்குப் பிறகு பிள்ளையின்ர சிறுநீரைக் குறைக்கும். சுத்தியிருக்கிற தண்ணி கூடுதலாப் பிள்ளை கழிக்கிற சிறுநீர்தான். நாள் போகப் போக பிள்ளையின்ர இதயத்துக்குப் பக்கத்தில இருக்கிற ரத்தக் குழாயையும் இது சுருக்கலாம். அதையும் ஸ்கேன் பண்ணிப் பாப்பம்."

"என் புள்ளைய நானே கொன்னுட்டேனா டொக்டர்?"

"இல்லை. சொல்லிப்போட்டியள் தானே. கனபேருக்கு நிப்பாட்டினால் தண்ணி திரும்பக் கூடும். பாப்பம்."

அதோடு போகாமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நோவைத் தாங்கிக்கொண்டு கிடக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் அழுகை வந்தது. கர்ப்பிணிக்கு நோவு வந்தால் பனடோல், அதாவது பரசிட்டமோல், போடலாம், ஆனால் அதுவும் டொக்டர் சொல்கிற அளவுக்கு, தேவைப்படுகிற நாட்களுக்கு மட்டும் என்றார். அதற்கும் குறையாவிட்டால் கூட்டிப் போடாமல் வந்து சொல்ல வேண்டுமாம். பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்கச் சொன்னார். இளஞ்சூடான துணியால் இடுப்பில் ஒற்றலாம் என்றார். பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவரை அனுப்பினார். நாள் முழுக்க நிற்கிற வேலையை விடச் சொன்னார். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும் உதவி இது.

சில நாட்களில் திரும்ப ஸ்கேன் பார்த்தார்கள். தண்ணீர் கூடியிருந்தது. இதயத்திலும் குறையில்லை. மாத்திரையை நிறுத்தியதால் கூடியது என்றார் டொக்டர். ஆண்டவர் என்னை நிறுத்த வைத்தார் என்கிறேன் நான். எனக்கு இரண்டும் ஒன்றுதான். டிசம்பரில், மாதம் நிறைந்து மகன் பிறந்தான். அவன் துணி நனைக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். மாமி சிரிப்பார், பிறகு கண் கலங்குவார். அவருக்கும் அந்தக் குற்ற உணர்ச்சி இருக்கிறது. "நீங்க அன்பா குடுத்தீங்க மாமி, நான்தான் மறைச்சு போட்டேன்" என்று சொன்னாலும் அவர் மனம் ஆறுவதில்லை.

பிள்ளையைச் சபையில் பிரதிஷ்டை பண்ணின ஞாயிறு, எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. பாஸ்டர் மட்டும், "உண்மைக்காக ஸ்தோத்திரம்" என்று மெதுவாகச் சொன்னார். போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ரெஜினா என் முன்னால் நின்றாள். எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேல் லயத்துப் பெண், அவளுக்கும் முதல் பிள்ளை, வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. கையைத் தொட்டேன், அடுப்பாகச் சுட்டது.

"எத்தன நாளா காய்ச்சல் ரெஜினா?"

"மூனு நாளா அக்கா. தலையும் வெடிக்குது. அவரு டொக்டர்கிட்ட போவோம்னு கூப்பிட்டாரு. ஸ்டெல்லாக்கா ஒரு மாத்திரைகூட போடாம தாங்குனாங்களே, எனக்கு அந்த விசுவாசம் இல்லையான்னு சொல்லி நான்தான் போகல."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது. என் பிள்ளைக்கு மட்டும்தான் ஆபத்து வைத்தேன் என்று நினைத்திருந்தேன். என் பொய் லயம் ஏறிப் போய் இன்னொருத்தி வயிற்றிலும் கை வைத்திருக்கிறது. பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு, ஓட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கர்ப்பத்தில் காய்ச்சலை அடக்காமல் விடக் கூடாது என்று அங்கே ஏசினார்கள். அந்த ஏச்சு எனக்குரியது. காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்து, இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்து, சிறுநீரில் கிருமி என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆண்டவர் இரண்டாம் முறையும் என்மேல் இரங்கினார்.

அவள் தெளிந்து எழுந்து உட்கார்ந்த அன்று, கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். ரெஜினா அதிகம் பேசுகிறவள் இல்லை.

"மன்னிச்சிட்டேன் அக்கா. இனிமே சாட்சி சொன்னா முழுசா சொல்லுங்க."

அவள் சொன்னபடி முழுவதையும் சொல்லிவிட்டேன். இதை வாசிக்கிற சகோதரியே, உனக்கும் நோவு இருந்தால் ஜெபி, கண்ணீரோடு ஜெபி, அவர் கேட்பார். ஜெபித்த கையோடு கிளினிக்குக்குப் போய், போட்ட மாத்திரையையும் போடாத மாத்திரையையும் மிட்வைஃபிடம் சொல்லு. பக்கத்து வாங்கில் யார் இருந்தாலும் பரவாயில்லை, சத்தமாகச் சொல்லு. ஒருவேளை அங்கே இருப்பது நானாக இருந்தால், உனக்குப் பிறகு நானும் சொல்கிறேன்.