மாமாவின் முதலாம் வகுப்புப் பயணம்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, ரயிலைப் பற்றி உறுதியான கருத்துகள் உண்டு. வட்டகொடைக்கு மேலே அவர் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டு வரிசைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு முட்டைக்கோவாப் பாத்திதான். கோச்சி என்று அங்கே சொல்லும் ரயில் மேடு ஏறும்போது வீட்டிலுள்ள தேத்தண்ணிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். முன்னால் ஒரு பெரிய இன்ஜின் மூச்சிரைத்து இழுத்தால்தான் அவருக்கு அது கோச்சி. பெட்டிக்குள்ளேயே இன்ஜினை ஒளித்து வைத்துக்கொண்டு நீலநிறத்தில் வழுக்கிப் போகும் புது ரயிலை "நீட்டு பஸ்ஸு" என்பார்.

இத்தனை கருத்துகளையும் அவர் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டே சேகரித்திருந்தார். போன வருஷம் அப்புத்தளையில் அவர் மகள் புது வீடு குடிபுகுந்தபோது, அவரையும் அத்தையையும் முதலாம் வகுப்பு ஏசிப் பெட்டியில் கூட்டிப்போக நினைத்தேன்.

"ஏசியா? அதுல வெள்ளக்காரவுங்கதானே போவாங்க?"

"நம்மளும் போவலாம் மாமா."

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வெளியே போய் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கோச்சி நம்ம வளைவுக்கு வரும்போது ஜன்னலில் கை காட்டுவேன், எல்லாரும் வந்து நில்லுங்க என்று வீட்டுக்கு வீடு அழைப்பு.

முதல் நாளே இருவரும் டிக்கோயாவில் என் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். காலையில் ஹட்டனில் ஏறினோம். மாமா சீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், கண்ணாடியின் நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஜன்னல எப்புடி தொறக்குறது?"

"ஏசிப் பெட்டி மாமா. தொறக்க முடியாது."

"அப்ப கைய எப்புடி காட்டுறது?"

"கண்ணாடிக்குள்ள இருந்தே காட்டுங்க."

அதுவும் நடக்காது போலிருந்தது. கண்ணாடிக்குக் கறுப்பு பூசியிருந்தார்கள். தலவாக்கலையில் ரயில் நின்றதும், "நீ எறங்கி வெளிய நின்னு பாரு, நான் தெரியிறேனான்னு" என்றார். இறங்கிப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது, பின்னால் வானம் தெரிந்தது, மாமா தெரியவில்லை. உள்ளே அவர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்ததாக அத்தை பிறகு சொன்னாள்.

"தெரியல மாமா" என்றேன் திரும்பி வந்து.

அவர் முகம் வாடிவிட்டது. அத்தை சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தி, குளிரில் கண்ணை மூடியிருந்தாள். ரயில் புறப்பட்டதும் மாமா விருட்டென்று எழுந்து, பெட்டி பெட்டியாகக் கடந்து பின்னால் நடந்தார். நானும் ஓடினேன். மூன்றாம் வகுப்பு வாசலில் ஒரு வெள்ளைக்காரச் சோடி தொங்கிக்கொண்டு படம் எடுத்தது. மாமா அவர்கள் தோளைத் தட்டி, "எக்ஸ்கியூஸ் மீ, மை தோட்டம்" என்றார். ஏதோ புரிந்து வழிவிட்டார்கள். அவர் கம்பியைப் பிடித்துப் படியில் நின்றுகொண்டார்.

தூறல் போட்டிருந்தது. வட்டகொடை தாண்டிய ஏற்றத்தில் தண்டவாளம் நனைந்தால் இன்ஜின் சக்கரம் வழுக்கும். அன்றும் வழுக்கியது. இன்ஜின் உறுமியது, திணறியது, ஆமையாக ஊர்ந்தது. கடைசியில் சரியாக மாமாவின் வளைவில் நின்றேவிட்டது.

அங்கே தோட்டமே குடையோடு நின்றது. பெண்கள் கோயிலுக்குப் போகிற சேலை கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அண்ணே, பஸ்ட் கிளாஸுன்னீங்க. மூணாங் கிளாஸு படியில தொங்கிக்கிட்டு வாறீங்க?"

சிரிப்பு எழுந்தது. "தம்பி, டிக்கட்ட காட்டு!" என்றார் மாமா. காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் குடைக்கடியில் வைத்து நிதானமாகப் படித்தார்.

"டிக்கட்டு சரிதான். ஆளு இங்க இருக்காரே?"

மாமா கீழே குதித்துவிட்டார். "வாங்க எல்லாரும்! ஒங்க அண்ணி அந்தப் பெட்டியிலதான் ஒக்காந்திருக்கா. வந்து கண்ணால பாருங்க!"

முழுக் கூட்டமும் அவர் பின்னால் ஏசிப் பெட்டியை நோக்கி நடந்தது. விபரீதம் புரிந்து நான் ரயிலுக்குள்ளேயே முன்னால் ஓடினேன். அதற்குள் அவர்கள் மாமாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கண்ணாடியில் கையைக் குவித்து, மூக்கை அழுத்தி உள்ளே பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அத்தை கண்ணைத் திறந்தாள். லயத்துச் சனம் அத்தனையும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லார் வாயும் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. பக்கத்துச் சீட்டில் புருஷனைக் காணோம்.

"ஐயோ! மாமாவுக்கு என்னாச்சு தம்பி?"

"ஒன்னுமில்ல அத்த, சும்மா பாக்க வந்திருக்காங்க."

"சும்மாவா? சும்மா எதுக்குடா நல்ல சேல கட்டிக்கிட்டு வந்து நிக்கிறாங்க? மறைக்காத, சொல்லிப்புடு!"

அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அதைக் கண்ணாடி வழியே பார்த்த பெண்களும், காரணம் தெரியாமலே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மாமாவைப் பேச வைத்தால் அடங்குவாள் என்று அவருக்கு போன் எடுத்தேன். எங்கள் தலைக்கு மேல், சாமான் தட்டிலிருந்த அவர் பையிலிருந்து முருகன் பாட்டு ஒலித்தது. அதைக் கேட்டு அத்தை இன்னும் பலமாக அழுதாள். எதிர்ச் சீட்டு வெள்ளைக்காரம்மா டிஷ்யூப் பெட்டியை அப்படியே அவள் மடியில் வைத்தாள்.

சக்கரம் வழுக்காமலிருக்க இன்ஜினிலிருந்து தண்டவாளத்தில் மணல் தூவியிருக்க வேண்டும். இன்ஜின் ஒரு தடவை குலுங்கி ஹோர்ன் அடித்தது, ரயில் நகர்ந்தது. மாமா ஓடுவது தெரிந்தது. அத்தை அழுகையை நிறுத்தி, "அடப்பாவி மனுஷா, உசுரோடதான் இருக்கியா!" என்று கண்ணாடியைக் குத்தினாள். மூன்றாம் வகுப்பு வாசலிலிருந்து நாலைந்து கைகள் நீண்டு அவரைத் தூக்கிக்கொண்டதை வளைவில் பார்த்தோம்.

நானுஓயாவில் அவரைத் தேடிப் போனேன். திறந்த ஜன்னலோரம் ஒரு சிங்களக் குடும்பத்துக்கு நடுவில், கையில் வடையோடு, முதலாம் வகுப்பின் வசதிகளைச் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா, சீட்டு காலியா கெடக்கு."

"நீ போ தம்பி. இங்க காத்து நல்லாருக்கு. அத்தைக்கு இந்த வடையக் குடு."

அத்தை வடையை வாங்கித் தின்றாள். பிறகு மாமாவின் சீட்டில் காலை நீட்டி, "சத்தமில்லாம நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, அப்புத்தளைவரை தூங்கினாள்.

மறுநாள் மகள் வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் மாமாவுக்கு போன் எடுத்தார். அண்ணி எதற்காக அப்படி அழுதார்கள், தோட்டமே கவலையாக இருக்கிறது என்றாராம்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பஸ்ட் கிளாஸுல்ல? மொத தடவ போறவுங்களுக்கு சந்தோசம் தாங்காது தம்பி."