மியூரியல் வீட்டுப் பாய்லர்

எங்கள் தெருவில் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நூலகத்தில் கேட்டார்கள். என்னைப் பற்றியே எழுதலாமா என்றேன், வேறு ஒருவரைப் பற்றி என்றார்கள். ஆகவே மியூரியல் பாராக்ளஃபைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் அவள் கதையில் நானும் வருவேன், தவிர்க்க முடியாது. இங்கிலாந்தின் வடக்கே குளிர் நடுக்கும் எங்கள் டாட்மார்டனில் எந்த வீட்டின் சூட்டைப் பற்றிப் பேசினாலும் ஹெர்பர்ட் ஷாக்கிள்டன் வந்துதான் ஆக வேண்டும்.

பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன் நான். ஒரு குழாய் முறுக்கியும் இரவல் சைக்கிளும் வைத்துத் தொழிலைத் தொடங்கினேன். தொழிலை விற்றபோது என் பெயர் எழுதிய மூன்று வண்டிகள் ஓடின. இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளுக்கு, வீடு முழுக்கச் சூடேற்றி வெந்நீரும் தரும் கேஸ் பாய்லரை மாட்டியவன் நான்தான். கையேடு படித்து மாட்டியதில்லை. பார்த்தாலே தெரியும்.

மியூரியலும் பதினைந்தில்தான் வேலைக்குப் போனாள், நூல் ஆலைக்கு. ஆலை மூடியதும் பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து இருபத்தாறு வருடம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தாள். அதன் விளைவு, அவளுக்கு அளவாகச் சமைக்க வராது. குழந்தை குட்டி இல்லாத வீடு, அவளும் வில்ஃபும் மட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டுப் பேருக்கு ஆகும். தெருவிலிருந்த இரண்டு தனிக்கட்டைகள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். அன்றைக்கு மட்டும் முன்னறையைத் திறந்து அங்கே கேஸ் கணப்பை ஏற்றுவாள். மற்ற ஆறு நாளும் முன்னறை பூட்டித்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

வில்ஃப் கல் குவாரியில் வேலை பார்த்தவன். தூசு நெஞ்சில் தங்கிவிட்டது. 2010 டிசம்பர் தொடக்கத்தில், பைப்பெல்லாம் உறைந்த அந்தக் குளிரில், மூச்சு முட்டி அவனை ஹாலிஃபாக்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஜனவரியில் தேறிவிட்டான். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. வீட்டைச் சோதிக்க வந்த நர்ஸ் பெவர்லியிடம் மியூரியல் உள்ளதைச் சொல்லிவிட்டாள்: பாய்லர் அவ்வப்போது அணைந்துவிடுகிறது, திரும்பி வந்து பார்த்தால் வீடு பனிக்கட்டி.

நர்ஸ் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் படுக்கையறையில் வைத்துவிட்டுப் போனாள். மணிக்கு ஒரு தடவை அறையின் சூட்டை அது குறித்துக்கொள்ளும். குளிர் அவன் நெஞ்சுக்கு ஆகாது. சூடு சீராக இருந்தால் வில்ஃப் வீட்டுக்கு. விழுந்தால் முதியோர் விடுதிக்கு. அங்கே போனவர்கள் திரும்பி வந்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை கறிக்கடை வரிசையில் மியூரியல் சொல்லித்தான் தெரிந்தது.

“மூணு பேர் வந்து பாத்தாங்க ஹெர்பர்ட். ஒருத்தன் உள்ள இருக்கிற கரண்ட் பலகையை மாத்துனான். இன்னொருத்தன் காத்தாடியை மாத்துனான். மூணாவது ஆளு டீ குடிச்சுட்டு, ‘எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு’ன்னு போயிட்டான்.”

“என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?”

அவள் கறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீ மாட்டுன பாய்லர். உங்கிட்டயே வந்து கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றது? மனசு சங்கடப்பட மாட்டியா?”

இப்படிப்பட்டவள். கணவனை விடுதிக்கு அனுப்பினாலும் அனுப்புவாள், என் மனதைச் சங்கடப்படுத்த மாட்டாள்.

சனிக்கிழமை காலை போனேன். தண்ணீர் அழுத்தம் சரி. பற்றவைக்கும் முனை சுத்தம். வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் உறையவில்லை. மோட்டார், வெப்பமானி எல்லாம் பார்த்தேன். பாய்லர் பூனை மாதிரி முனகிக்கொண்டு ஓடியது. கேஸ் அழுத்தத்தை மட்டும் நான் அளக்கவில்லை. 2003-ல் நானே மாட்டிய பாய்லர், அதற்கு வரும் குழாய் 1981-ல் நானே போட்டது. நான் போட்ட குழாயை நான் எதற்கு அளப்பது என்று விட்டுவிட்டேன்.

“எப்ப அணையுது?”

“நான் வீட்ல இல்லாதப்ப. வில்ஃபைப் பாக்கப் பஸ்ஸுக்குப் போயிட்டு ஆறு மணிக்குத் திரும்புனா செத்துக் கிடக்கும். பொத்தானை அமுக்குனா உடனே எந்திரிச்சுக்கும். நான் வெளிய போறது அதுக்குப் பிடிக்கல போல.”

“தினமும்தான் வில்ஃபைப் பாக்கப் போறே. தினமுமா அணையுது?”

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அணைந்த நாட்களில் காலண்டரில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். சுவரிலிருந்து எடுத்து வந்தாள், பழைய வருடத்துடையதையும் சேர்த்து. குறிகள் எல்லாம் ஒரே பத்தியில், ஏணிப்படி மாதிரி நின்றன. எல்லாம் ஞாயிறு. ஒன்று மட்டும் சனி. அந்தச் சனி கிறிஸ்துமஸ்.

“அந்த மூணு பேரும் என்னிக்கு வந்தாங்க?”

“செவ்வாய், புதன்... ஞாயித்துக்கிழமை யாரு வருவா?”

யாரும் வர மாட்டார்கள். எங்கள் ஊரில் ஞாயிறு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை குடும்பத்தோடு பெரிய சாப்பாடு, அந்த நேரத்தில் வீடு தீப்பிடித்தால்தான் அடுத்தவர் கதவைத் தட்டுவோம். ஆக அந்தப் பாய்லர் அணைந்த கணத்தை உலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி பிரெண்டா கரண்டியோடு வந்து நின்றாள்.

“பன்னண்டரை மணிக்கு அடுத்தவங்க வீட்டுக்குப் போறியா? சாப்பாட்டு நேரத்துல?”

“வேலையா போறேன்.”

“நான் பட்டினி போட்டேன்னு தெருவே பேசும். போ. உன் தட்டை மூடி வைக்கிறேன், வந்து ஆறுனதைத் தின்னு.”

மியூரியல் கதவைத் திறந்தபோது அவள் முகம் மாட்டிறைச்சி மாதிரிச் சிவந்திருந்தது. சமையலறையில் புதிய அடுப்பு ஒன்று பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஐந்து எரிமுனை, இரண்டு ஓவன். அக்டோபரில் வில்ஃப் திருமண நாளுக்கு வாங்கிக் கொடுத்ததாம். முந்தின நாளும் அதைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அது குடிக்கும் கேஸைப் பற்றி யோசிக்கவில்லை.

பாய்லரின் அடியில் என் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினேன். வளைந்த குழாய், உள்ளே தண்ணீர். கேஸ் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு தண்ணீர் ஏறும். இப்போது பேட்டரி போட்ட கருவி வந்துவிட்டது. தண்ணீர் பொய் சொல்லாது, பேட்டரியும் தீராது.

“நீ உன் வேலையைப் பாரு. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்க.”

“உன் தொப்பைய மறைக்க எனக்குத் திரை இல்லை ஹெர்பர்ட். தள்ளி நில்லு, ஓவன் கதவைத் திறக்கணும்.”

ஒரு ஓவனில் இறைச்சி, இன்னொன்றில் உருளைக்கிழங்கு. மேலே காரட், முட்டைக்கோஸ், பட்டாணி, குழம்பு. முன்னறையில் கணப்பு. தனிக்கட்டைகள் இருவரும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து வானிலையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஏற ஏற என் குழாயில் தண்ணீர் விரல்விரலாக இறங்கியது. பிறகு அவள் இறைச்சியோடு சாப்பிடும் மாவுப் புட்டிங்குக்கு ஓவனை உச்சத்தில் வைத்தாள். தட்டில் விட்ட கொழுப்பு புகைந்தால்தான் மாவு உப்பும். புகைந்ததும் மாவை ஊற்றிக் கதவைச் சாத்திவிட்டு, பாத்திரம் ஊறப்போட வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். வெந்நீருக்காகப் பாய்லர் முழு மூச்சில் இழுத்தது. தண்ணீர் சரிந்தது. உள்ளே ஒரு இருமல். அணைந்தது.

மணி ஒன்றேகால். அடுப்புச் சூட்டிலும் கணப்புச் சூட்டிலும் இருந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படியே சாப்பிட்டுவிட்டு, வில்ஃபுக்கு ஒரு தட்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள்.

“கண்டுபிடிச்சிட்டியா?”

“கேஸ் குழாய் போதலை. அடுப்பு, கணப்பு, பாய்லர் எல்லாத்துக்கும் இந்த ஒரே அரை அங்குலக் குழாய்தான். பழைய பாய்லருக்கு அது தாராளம். புதுசுக்கு இழுத்துப் பிடிச்சா சரியா இருந்துச்சு. இந்த யானையைக் கொண்டுவந்து நிறுத்துனதும் தாங்கலை.”

“யாரு போட்ட குழாய்?”

அடுப்பின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அடுப்புக்காரன் அளந்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் புதுப் பாய்லரை மாட்டிய அன்றே நான் பெரிய குழாய் இழுத்திருக்க வேண்டும். அதன் கையேட்டில் நான்காம் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. இந்த ஞாயிறு வேலை முடிந்த பிறகுதான் அதை முதன்முதலாக வாசித்தேன்.

“நான் போட்டது மியூரியல். மாத்தியிருக்கணும். மாத்தலை.”

அவள் குழம்பைக் கிளறினாள். “சரி. இறைச்சி வெந்ததும் கேஸை நிறுத்திக்க. அதுவரைக்கும் உக்காரு. எத்தனை கிழங்கு வேணும்?”

“பிரெண்டா எனக்கு மூடி வச்சிருக்கா.”

“அதையும் போய்த் தின்னு. உனக்கு இடம் இருக்கு.”

இரண்டரை மணிக்கு அவள் பஸ்ஸுக்குப் போனாள். என் கொட்டகையிலிருந்து ஒரு அங்குலச் செப்புக் குழாய்களைக் கொண்டுவந்தேன். நடைக்கூடத் தரைப் பலகையைப் பெயர்த்து, மீட்டரிலிருந்து பாய்லருக்குத் தனி வழி இழுத்தேன். பதினொரு இணைப்பு, ஒன்றிலும் ஒழுக்கு இல்லை. அறுபத்தாறு வயதில் முழங்காலில் நின்று செய்த வேலை. என்னிடம் தொழிலை வாங்கியவன் இரண்டு நாள் கேட்டிருப்பான். ஏழு மணிக்கு வீடு மறுபடி சூடாகத் தொடங்கியது.

ஆனால் அத்தனை மணி நேரம் கேஸ் நிறுத்தியிருந்தேன். மேலே படுக்கையறையில் வெள்ளைப் பெட்டி விழித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

திங்கள் பத்து மணிக்கு நர்ஸ் பெவர்லி மியூரியல் வீட்டுக்கு வந்து, பெட்டி குறித்த சூட்டைத் தன் கணினியில் ஒரு கோடாகக் காட்டினாள். வாரம் முழுக்க நேர்கோடு. ஞாயிறு மதியம் பள்ளம், பன்னிரண்டு டிகிரிவரை. மியூரியல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸஸ் பாராக்ளஃப், இதைப் பாத்துட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

“அந்தப் பள்ளம் என்னோடது,” என்றேன். நடந்ததைச் சொன்னேன். பலகையைத் தூக்கிப் புதுக் குழாயைக் காட்டினேன். அளவு எடுத்த சீட்டையும் கொடுத்தேன்.

“குழாய் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு மெக்கானிக்கும் சரியாயிடுச்சுன்னுதானே சொன்னாங்க?”

“அவங்க வேற. நான் வேற.”

“இருக்கலாம். நான் பெட்டி சொல்றதைத்தான் கேப்பேன்.”

மியூரியல் குறுக்கே வந்தாள். “கண்ணு, இன்னும் ஒரு ஞாயிறு குடு. அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் சரி.”

நர்ஸ் நாட்குறிப்பைப் புரட்டினாள். விடுதியில் இடம் காலியாகப் பத்து நாள் ஆகும் என்றாள். ஒரு ஞாயிறு கிடைத்தது.

அந்த ஞாயிறு மியூரியல் பதினான்கு பேருக்குச் சமைத்தாள். பிரெண்டாவும் நானும் விருந்தாளிகள். ஐந்து முனையும் இரண்டு ஓவனும் கணப்பும் எரிந்தன. வெந்நீர்க் குழாயை அவள் வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டு, கை கட்டிப் பாய்லர் முன்னால் நின்றாள். என் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஒரு நூல் அளவு இறங்கி, நின்றது. இருமல் வரவில்லை. புட்டிங் பாதிரியார் தொப்பி உயரம் உப்பியிருந்தது என்று தனிக்கட்டைகளில் ஒருவர் சொன்னார். அப்படி ஒரு அளவை நான் கேட்டதில்லை.

மறுநாள் பெவர்லி பார்த்த கோடு பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை ஆம்புலன்ஸில் வில்ஃப் வந்தான். இரண்டு பேர் தாங்கிப் படியேற்றிக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். மியூரியல் அவன் ஷூவைக் கழற்றினாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“என்னடி இது, வெந்து போற மாதிரி இருக்கு. ஜன்னலைக் கொஞ்சம் திற.”

“திறக்க மாட்டேன்,” என்றாள்.