எனக்கு மட்டும் களை

பட்டாபிராமில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரே ஒரு பாத்திக்குத்தான் இடம் இருந்தது. சென்ற மாதம் அண்ணனின் காரியங்கள் முடிந்தபின் அங்கே போய்ச் சற்று நின்றேன். இப்போது அங்கே யாரோ கார் நிறுத்துகிறார்கள். அந்தப் பாத்தியை முன்னிட்டு அவனை நான் ஒருமுறை முழுமையாகச் சந்தேகித்திருக்கிறேன். எனக்கு அப்போது எட்டு வயது, அவனுக்குப் பதினொன்று.

யாருடைய பாதியில் முதலில் கீரை பறிக்கிறோமோ, அவரை ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கு அழைத்துப்போவதாக அப்பா அறிவித்திருந்தார். பாத்தியின் நடுவே கயிறு கட்டி ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டோம். மறுநாளே அண்ணன், விதைக்காத மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினான். அதுவும் என் பாதிக்கு மட்டும். பத்து நாளில் அங்கே சாரணையும் குப்பைமேனியும் தழைத்தன. அவனுடைய பாதி மொட்டையாகக் கிடந்தது.

“இன்னாண்ணா, என் பக்கம் மட்டும் களை வளர்த்துகினு கீறே?”

“கம்முனு கெட. உள்ள கீற களையெல்லாம் மொதல்ல வெளிய வரட்டும். சுரண்டிப் போட்டுட்டு அப்பால வெதைக்கலாம்.”

“அப்ப உன் பக்கம்?”

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவனே குற்றவாளி என்பது என் அந்நாளைய நீதி.

முளைத்தவற்றை அவன் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டினான். ஆழமாகக் கொத்தவே இல்லை. வேரை வேண்டுமென்றே விட்டுவைக்கிறான் என்று முடிவுசெய்தேன்; ஆழமாகக் கிளறினால் அடியிலுள்ள களைவிதைகள் மேலே வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு, பாதிகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றேன்.

அவன் களைக்கொத்தைக் கீழே வைத்தான். “நெசமாத்தான் கேக்கறியா? அப்பால அயுவக் கூடாது.”

மழை தொடங்கியதும் ஒரே நாளில் விதைத்தோம். சுரண்டிய பாதியில் கீரை மட்டும் எழுந்தது; அண்ணனே முதலில் பறித்தான். நான் கேட்டு வாங்கிய பாதியில் களை முந்திக்கொண்டது. அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்று தெரு முழுவதும் சொல்லித் திரிந்தேன். தெருக்குழாயில் பிடித்ததில் தோட்டத்துக்கு மிஞ்சியது நாளுக்கு ஒரு குடம் என்பதும், அது ஒரு பாதியை நனைக்கவே போதும் என்பதும் அன்றும் எனக்குத் தெரிந்தவைதான். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை அண்ணன் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டான். அப்பா என்னை அழைத்துப்போனார். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. நாங்கள் இல்லாத நேரத்தில் அம்மா அவனுக்கு மட்டும் பூரி சுட்டுக்கொண்டிருக்கிறாள் என்று, சென்ட்ரல் வரும்வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.