லூர்துராணி அக்காவின் பேரம்

“நாப்பதுன்னா குடுங்க, இல்லேன்னா போயிட்டே இருங்க” என்று கொய்யாக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் போய்விடாதபடி தள்ளுவண்டியின் கைப்பிடியையும் லூர்துராணி அக்கா பிடித்துக்கொண்டிருப்பார். கொய்யாக்காரர் அறுபதில் தொடங்கி, ஐம்பதில் முறைத்து, வெயில் ஏற ஏற நாற்பதுக்கு வந்து சேருவார். அதற்கப்புறம்தான் அக்கா கொசுறுக்கு ஒரு பழம் கேட்பார்.

புத்தூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே, விசேஷங்களுக்கு நாற்காலி, மேஜை, அண்டா வாடகைக்கு விடும் கடை அவருடையது. ஐம்பதை நெருங்குகிற வயது, தெருக்கோடி வரை கேட்கும் குரல். ஆட்டோக்காரர், மருந்துக்கடை, பல் டாக்டர் என்று யாருக்கும் சொன்ன விலையைக் கொடுத்த சரித்திரம் கிடையாது. மாதாவுக்கு நேர்ந்துகொண்ட மெழுகுவர்த்தியைக்கூட ஒரு சைஸ் குறைத்துத்தான் ஏற்றினார். “என் நிலைமை மாதாவுக்குத் தெரியாதா?” என்றார். ஆனால் அவரிடம் யாராவது குறைக்கச் சொன்னால் காது கேட்காது. என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த நாற்காலிகளுக்கு எனக்கு ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்பேர்ப்பட்டவரைத்தான் கிரெடிட் கார்டு கவிழ்த்தது. புது நாற்காலிகளைக் கார்டில் வாங்கியிருந்தார். பில்லில் மொத்தத் தொகைக்குக் கீழே, குறைந்தபட்சம் இவ்வளவாவது கட்டவும் என்று ஒரு சின்னத் தொகை போட்டிருந்தது. “நான் வாயே திறக்கலை தம்பி, அவங்களாவே குறைச்சிட்டாங்க” என்று தெருவெல்லாம் பெருமையடித்தார். மாதாமாதம் அதை மட்டும் கட்டிக்கொண்டு வந்தார். வட்டி குட்டி போட்டது. ஆடியில் கல்யாணம் காட்சி இல்லாமல் அதையும் கட்டாமல் விட்டபோது சிபில் ஸ்கோர் குப்புற விழுந்தது.

அவருக்கு வேண்டியது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று. சாமான் ஏற்றிப்போகும் வண்டி வாடகைக்கே வருமானத்தில் பாதி போகிறது. சொந்தமாக ஒன்று இருந்தால் சமயபுரம், மணப்பாறை வரை ஆர்டர் பிடிக்கலாம். லோன் கேட்டுப் போன பாங்க்கில் மேனேஜர் அம்மா ஸ்கோரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கார்டு பாக்கியைத் தீர்க்க இரண்டு வழி சொன்னார். முழுவதையும் தவணை போட்டுக் கட்டலாம். கார்டை முடக்குவார்கள், ஸ்கோரும் உடனே எழுந்திருக்காது. ஆனால் தவறாமல் கட்டினால் மெல்ல ஏறும், இரண்டு வருஷத்தில் வண்டி லோன் கேட்டு வரலாம். இல்லையென்றால் கார்டுக்காரர்களிடம் பேசிப் பாதியோடு முடித்துக்கொள்ளலாம். கடன் தீரும், ஆனால் முழுசாகக் கட்டாதவர் என்ற பதிவு வருஷக்கணக்கில் நிற்கும். வண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

“முழுசாவே கட்டிடுறேங்க” என்று சொல்லிவிட்டு வந்தவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று மதியம் நான் கடையில் இருந்தபோது கார்டுக்காரர்களிடமிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். “இன்னிக்குள்ள முடிவு சொல்லணும் மேடம். தவணைன்னா முழுசும் கட்டணும். ஒரே தடவையா முடிச்சீங்கன்னா பாதி போதும்” என்றது ஒரு பெண் குரல்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாதியைக் கட்டும் அளவுக்குச் சீட்டு எடுத்த பணம் பீரோவில் இருப்பது எனக்கும் தெரியும்.

“சரிங்க மேடம், நாப்பது பர்சென்ட்” என்றது போன்.

அக்கா எழுந்துபோய் அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்.

“முப்பத்தஞ்சு. இதுக்கு மேல எங்களால முடியாது மேடம்.”

வாயைத் திறக்காமலே இவ்வளவு குறைய வைத்த ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் முழுசாகக் கட்டப்போகிறவரை நினைத்து எனக்கே வயிறு எரிந்தது. நாற்காலி வாடகைக் கடுப்பெல்லாம் மறந்துபோய், பாவமாக இருந்தது.

அக்கா போனை என் கையில் திணித்தார். “வேணாம், முழுசாவே கட்டுறேன்னு நீயே சொல்லிடு தம்பி. எனக்கு வாயில வரமாட்டேங்குது” என்றவர், நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.